பயணத்தில் வாங்கியதற்கு வீட்டில் வேலை இருக்க வேண்டும்: கொலு, தீபாவளி அடுப்படி, உங்கள் அனுபவம்?

மொட்டைமாடி எழுதியது:

ஊர் சுற்றப் போனால் ஏதாவது வாங்காமல் என்னால் திரும்ப முடியாது. ஆனால் ஒரு விதி வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்தபிறகு அந்தச் சாமானுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். பிரிட்ஜில் ஒட்டும் காந்தம், ஊர்ப்பேர் அச்சடித்த கீசெயின், சிப்பியில் செய்த கப்பல், இதற்கெல்லாம் காசு கொடுப்பதில்லை. எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கிறது, எங்கேயோ ஒரே இடத்தில் செய்து எல்லா ஊருக்கும் அனுப்புகிறார்கள் போல.

எங்கள் வீட்டில் பயணச் சாமான்களுக்கு வேலை வருவது புரட்டாசி, ஐப்பசியில்தான். கொலு ஒன்று, தீபாவளிப் பலகாரம் இன்னொன்று. தஞ்சாவூரில் வாங்கிய தலையாட்டிப் பொம்மை படியில் ஏறும். மதுரையில் வாங்கிய சுங்குடிச் சேலைதான் படிகளுக்கு விரிப்பு. காரைக்குடிப் பக்கத்துப் பனையோலைக் கொட்டானில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்போம், தீபாவளிக்கு அதே கொட்டானில் அதிரசமும் முறுக்கும் பக்கத்து வீடுகளுக்குப் போகும். உடன்குடியில் கோடையில் வாங்கிய கருப்பட்டி பாகாகிவிடும், அது மட்டும் திரும்பி வராது.

வாங்கியது போக நானே செய்ததும் உண்டு. படிகளுக்குக் கீழே செட்டியார் கடை வைப்போம் இல்லையா, அந்தக் கடைக்குக் காலித் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி அலமாரி செய்தேன். சோடா மூடிகளில் துவரை, உளுந்து, மிளகு, கல்லுப்பு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கத்தரித்து விலைப்பலகை. பூங்காவுக்குத் தட்டில் மண் போட்டு ஒரு வாரம் முன்னாடியே கடுகும் கேழ்வரகும் தூவிவிட்டால் முதல் நாள் பச்சைப்பசேல் என்று நிற்கும்.

உங்கள் வீட்டில் எந்த ஊர்ச் சாமானுக்கு என்ன வேலை? எழுதுங்கள். அதிரசப் பாகு பற்றியும் பேசலாம், எனக்கு அதில் நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது.

சுண்டல்பிரியன் எழுதியது:

எனக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், உங்கள் வீட்டுக்கு வந்து சுண்டல் வாங்கிக்கொள்வது. அந்தக் கொட்டானில் கொஞ்சம் கூடவே போடுங்கள்.

சரி, உருப்படியாக ஒன்று. கோவில்பட்டி வழியாக ரயிலில் வந்தால் கடலைமிட்டாய் வாங்காமல் இருக்க மாட்டேன், 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. உங்கள் விதிப்படி அது சேருமா? வீடு போய்ச் சேரும் முன்பே அதன் வேலை முடிந்துவிடுகிறதே.

மூத்தபடி எழுதியது:

பெண்ணே, ஆர்வம் நன்றாக இருக்கிறது, குறை சொல்வதாக நினைக்காதே. ஆனால் கொலுவுக்கு ஒரு வரிசை உண்டு. ஒற்றைப்படையில் படி, மேலே கலசமும் தெய்வங்களும், கீழே இறங்க இறங்க மகான்கள், மனிதர்கள், மற்ற உயிர்கள். மரப்பாச்சி ஜோடி கட்டாயம் இருக்க வேண்டும். இப்போது சில வீடுகளில் பார்க்கிறேன், தசாவதாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி, தாஜ்மகால், ஈபிள் கோபுரம். சுற்றுலா போய்வந்ததைக் காட்டுகிற கண்காட்சியா இது? மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலோ காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலோ மண் பொம்மை செட்டாகக் கிடைக்கிறது, வருஷத்துக்கு ஒன்று சேர்த்தால் போதும். செய்கிறவர்களுக்கும் அந்த ஒரு சீசன்தான் பிழைப்பு.

அந்தத் தீப்பெட்டிக் கடை மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் காலத்தில் கொட்டாங்கச்சியில் செய்வோம்.

கப்பன்பார்க் எழுதியது:

மூத்தபடி அம்மா, மரியாதையோடு ஒரு மறுப்பு. நான் பெங்களூருவில் வளர்ந்த தமிழன். இங்கே தசரா சமயத்தில் பொம்மை வைப்பதைக் கொம்பே ஹப்ப என்பார்கள், நம் மரப்பாச்சி மாதிரியே பட்டத கொம்பே என்று மர ஜோடி நடுவில் நிற்கும். ஆந்திராவில் பொம்மல கொலுவு பல வீடுகளில் சங்கராந்திக்கு வைக்கிறார்கள், கொண்டபள்ளி மரப் பொம்மை இல்லாமல் அவர்களுக்குக் கொலுவே கிடையாது. ஆக ஒவ்வொரு ஊரும் தன் பக்கத்தில் என்ன கிடைத்ததோ அதைத்தான் படியில் ஏற்றியிருக்கிறது. களிமண் கிடைத்த இடத்தில் மண், லேசான மரம் கிடைத்த இடத்தில் மரம்.

மொட்டைமாடி, இந்தப் பக்கம் வந்தால் சென்னபட்டணாவில் இறங்குங்கள், மைசூரு போகிற வழிதான். வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் அந்தப் பளபளப்பு வருகிறது, வார்னிஷ் எதுவும் கிடையாது. கடைக்காரரிடம் கேட்டால் பட்டறையைப் பார்க்க விடுவார்கள், குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகராது.

ஒரு எச்சரிக்கை. சானிடைசர், ஸ்பிரிட் எதையும் அதன் மேல் தேய்க்காதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். கொரோனா சமயத்தில் தெரிந்தவர் ஒருவர் பேரனுடைய கிலுகிலுப்பையைச் சுத்தம் செய்கிறேன் என்று சாயம் முழுவதையும் துணிக்கு மாற்றிவிட்டார்.

மொட்டைமாடி எழுதியது:

சுண்டல்பிரியன், சாப்பிடுகிற சாமானுக்கு விதி தளர்வு உண்டு. ஆனால் ரயிலிலேயே தீர்ந்துபோனால் அதை நினைவுப்பொருள் கணக்கில் சேர்க்க முடியாது, வழிச்செலவு.

மூத்தபடி அம்மா, ஈபிள் கோபுரம் எங்கள் வீட்டில் இல்லை, நான் அவ்வளவு தூரம் போனதும் இல்லை :) வரிசையை நாங்கள் மாற்றுவதில்லை. மேல் படிகள் எல்லாம் பாட்டி வீட்டு மண் பொம்மைகள்தான். வெளியூர்ச் சாமான் வருவது கடைசிப் படியிலும் தரையிலும். அங்கே எப்போதுமே சந்தை, பூங்கா, கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் மைதானம் என்று காலத்துக்கேற்ற கூத்து இருந்திருக்கிறது. அம்மாவின் சின்ன வயதுக் கொலுவில் பிளாஸ்டிக் ரயில் ஓடியிருக்கிறது.

தலையாட்டிப் பொம்மை வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். தஞ்சாவூரில் அந்தப் பெயரில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று ராஜா ராணி, அடியில் கனமான களிமண், எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். மற்றது நாட்டியப் பெண், பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனித் துண்டு, உள்ளே கம்பியில் தொங்கிக்கொண்டு ஆடும். இரண்டாவதை முழுசாகத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வர முடியாது. கடையிலேயே கழற்றி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள், திரும்ப மாட்டுவது எப்படி என்று ஒரு முறை அவர்கள் முன்னாலேயே செய்து பார்த்துவிடுங்கள்.

சுங்குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததில் ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது, துணியும் அந்த இடத்தில் லேசாகப் புடைத்திருக்கும். வரிசை பிசகாமல் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருந்தால் அது அச்சு. அச்சுச் சேலை கட்டுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, விலையும் குறைவு, ஆனால் முடிச்சுச் சுங்குடி விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

கோரைப்புல் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், பத்தமடைப் பாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதனால் நானே வருகிறேன். எங்களுக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம், திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலை. தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் சில நாட்கள் ஊறப்போட்டு, அப்புறம் நூல் மாதிரி மெல்லிசாகக் கிழித்து, பருத்தி அல்லது பட்டு நூல் பாவில் நெய்வார்கள். உசத்தியான பாய் துணியைப் போல மடியும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பெயரைப் பாயிலேயே நெய்து வாங்குகிற வழக்கம் இன்றைக்கும் உண்டு. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு கிடைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நெய்கிற பெண்களின் கூலி என்னவோ அந்த வேகத்தில் ஏறவில்லை. வருகிறவர்கள் "பிளாஸ்டிக் பாய் இந்த விலைக்கு நாலு வாங்கலாமே" என்று ஆரம்பிப்பார்கள். வாங்குங்களேன், யார் தடுத்தது? மெல்லிசுப் பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் குனிந்து உட்கார வேண்டும். பேரம் பேசுவதற்கு வேறு நூறு கடை இருக்கிறது, முழு நீளப் பாய்க்குக் காசு இல்லையென்றால் சின்ன தடுக்காக வாங்குங்கள். கொலுவுக்கு வருகிறவர்களை உட்காரவைக்க அதுவே போதும், மொட்டைமாடி சொன்ன வேலையும் கிடைத்துவிடும்.

முரட்டுப் பாயைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும், மடித்தால் மடிப்பில் உடையும். மழைக்காலத்தில் சுவரோரம் சாய்த்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வெயில் வரும்போது அரை மணி நேரம் காட்டி எடுங்கள்.

வாடகைவீடு எழுதியது:

எல்லாம் சரி, இதையெல்லாம் எங்கே வைப்பது? நான் இருப்பது ஒரு படுக்கையறை வீடு. பதினொரு மாத ஒப்பந்தம். வீடு மாறும்போதெல்லாம் பெட்டி தூக்குகிறவர் "உடையும் சாமானா" என்று கேட்டுக் கூலியை ஏற்றுகிறார். என் அம்மா வீட்டுக் கொலு பொம்மைகள் இன்னும் ஊரில்தான் கிடக்கின்றன, இங்கே கொண்டுவரத் தைரியம் இல்லை. நினைவுப்பொருளே வேண்டாம், போட்டோ போதும் என்கிற கட்சி நான்.

கப்பன்பார்க் எழுதியது:

போட்டோ கட்சிக்கு அதிரசம் கிடைக்காது.

மொட்டைமாடி எழுதியது:

வாடகைவீடு, உங்கள் நிலைமைதான் எனக்கும். இடம் இல்லாததால்தான் அந்த விதியே வந்தது. வீட்டில் ஏற்கெனவே தேவைப்படுகிற ஒன்றைத்தான் பயணத்தில் வாங்குவேன். மேசையில் சூடான பாத்திரம் வைக்க ஒரு தாங்கி தேவைப்பட்டது, அதை அமேசானில் வாங்காமல் செட்டிநாடு போகும்வரை காத்திருந்து ஆத்தங்குடியில் ஒற்றை டைல்ஸ் கல் ஒன்று வாங்கினேன். அடியில் பழைய யோகா விரிப்பைத் தாங்கியின் அளவுக்கு வெட்டி ஒட்டிவிட்டேன், மேசையில் கீறல் விழாது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

அதைச் செய்வதைப் பார்க்க வேண்டுமே! கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மேலே தூக்கினால் பூ நிற்கிறது. அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். அப்புறம் கண்ணாடியை உரித்து எடுத்தால் அந்த வழவழப்பு அப்படியே கல்லில் இருக்கிறது. சூளையே கிடையாது.

சிமெண்டு என்பதால் புளி, எலுமிச்சை ஆகாது, பளபளப்பை அரித்துவிடும். ரசப் பாத்திரம் வைத்தால் அடியைத் துடைத்துவிட்டு வையுங்கள். எப்போதாவது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் நிறம் கூடும்.

ஊட்டியில் தோடர் பெண்கள் சிவப்பும் கருப்புமாகப் போடுகிற தையல் வேலையில் சால்வை வாங்க என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை, ஒரு சின்ன பர்ஸ் வாங்கிக்கொண்டேன். கோடு வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். தினமும் கைப்பையில் இருக்கிறது, பரணில் ஒரு அங்குலம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஒற்றைச்சீட்டு எழுதியது:

பேருந்துச் சீட்டு சேர்க்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? நான் போகிற ஊர்ச் சீட்டு எல்லாம் ஒரு நோட்டில் ஒட்டிவருகிறேன். பழைய கலர் தாள் சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. எந்திரத்தில் கிழித்துக் கொடுப்பது மட்டும் போன வருஷம் ஒட்டியது இப்போது வெறும் வெள்ளைத் தாள்.

மொட்டைமாடி எழுதியது:

அது சூட்டில் கறுக்கிற தாள், மையே கிடையாது. வெளிச்சம் பட்டாலும், பிளாஸ்டிக் உறையிலோ செலோடேப்பிலோ ஒட்டிக்கிடந்தாலும் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். நான் அதோடு அந்த ஊர்ச் சுவரொட்டி, மிட்டாய் உறை, டீக்கடைக் கடுதாசி என்று எது கிடைத்தாலும் சேர்த்து ஒட்டிவிடுவேன், நோட்டு தடித்துப்போய் மூடவே மறுக்கிறது. கருப்பட்டி சுற்றிவந்த ஓலையில்கூட ஒரு துண்டு இருக்கிறது.

நெய்க்கரண்டி எழுதியது:

அதிரசம் என்று முதல் பதிவில் கண்டதும் ஓடிவந்தேன், எல்லாரும் பொம்மையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வெல்லத்துக்கான அளவை முதலில் சொல்கிறேன். மாவு பச்சரிசி ஒரு கிலோவுக்கு வெல்லம் முக்கால் கிலோ. அரிசியை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்புங்கள். தொட்டால் கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும். அந்த நிலையிலேயே மில்லுக்குக் கொண்டு போய் அரைத்து, சலித்து, காற்றாடவிடாமல் அமுக்கி மூடி வைத்துவிடுங்கள். கடையில் விற்கிற காய்ந்த அரிசி மாவில் அதிரசம் வராது. யார் வந்து வரும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

பாகு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்க வேண்டும், விரலால் உருட்டினால் மெத்தென்று உருண்டையாக வர வேண்டும். தட்டில் போட்டு ணங் என்று சத்தம் கேட்டால் போச்சு, அது கடலைமிட்டாய்க்கு ஆகும். அடுப்பை அணைத்துவிட்டு ஏலக்காய், சுக்கு, எள் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். மாவு முழுவதும் போட்டே தீர வேண்டும் என்று இல்லை. இளக்கமாக இருக்கும்போதே நிறுத்துங்கள், ஆறினால் தானாக இறுகிவிடும். மேலே நெய் தடவி மூடி ஒரு நாளாவது வைக்க வேண்டும். சுடும்போது தீ தணிந்தே இருக்கட்டும், எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்துவிடுங்கள்.

எண்ணெயில் போட்டதும் உதிர்ந்து பிரிந்தால் பாகு இளசு. கல் மாதிரி வந்தால் பாகு முற்றிவிட்டது, அல்லது மாவு அதிகம்.

மொட்டைமாடி எழுதியது:

அக்கா, கருப்பட்டியில் செய்தால் இதே அளவா?

நெய்க்கரண்டி எழுதியது:

அளவு இதேதான், வேலைதான் கொஞ்சம் கூடுதல். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டி, அப்புறம்தான் பாகு வைக்க வேண்டும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள் அல்லவா, அதன் கசடும் மணலும் அடியில் தங்கும். நிறம் கறுப்பாக இருப்பதால் அதிரசம் வெந்ததா கருகியதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கோடையிலேயே வாங்கியது சரி, பதநீர் இறக்குவது அப்போதுதான். வாங்கும்போது ஒரு கருப்பட்டியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த இடம் மங்கலாக இருந்தால் வாங்கலாம், சீனி மாதிரி மினுமினுத்தால் சீனிதான் கலந்திருக்கிறது. முன்பெல்லாம் அடுப்புக்கு மேல் பரணில் புகை படும்படி வைப்பார்கள், கேஸ் அடுப்புக் காலத்தில் அதற்கு வழி இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவையுங்கள், மழைக்கால ஈரம் பட்டால் வியர்த்துக் கசியும்.

மூத்தபடி எழுதியது:

நெய்க்கரண்டி சொன்னது அவ்வளவும் சரி. கூடவே தீபாவளி லேகியத்தையும் கிளறிவிடு பெண்ணே, இத்தனை பலகாரம் தின்றால் வயிறு சும்மா இருக்காது. சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டதிப்பிலி, ஓமம், சீரகம், தனியா, இதெல்லாம் நாட்டுமருந்துக் கடையில் சேர்த்தே கட்டித் தருவார்கள். ஊறவைத்து அரைத்து, வெல்லத்தில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, ஆறினதும் தேன். மார்த்தாண்டம் தேன் யாராவது கொண்டுவந்திருந்தால் அதற்கும் உன் விதிப்படி வேலை கிடைத்துவிடும்.

நவராத்திரி வெள்ளிக்கிழமை சுண்டலோடு நிறுத்தாதே, வெல்லப் புட்டு செய்ய வேண்டும்.

வாடகைவீடு எழுதியது:

சரி, கட்சி மாறுகிறேன். மூன்று படி மட்டும் இந்த வருஷம் வைக்கலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது, அம்மா ஊரிலிருந்து பொம்மைகளைக் கொண்டுவருகிறார். படிக்கு மரப்பலகை எல்லாம் வாங்கப் போவதில்லை, புத்தக அட்டைப்பெட்டிகளும் சூட்கேசும் போதுமா? அப்புறம் முடிந்தபிறகு மண் பொம்மைகளை எதில் சுற்றுவது? செய்தித்தாள் போதுமா?

மொட்டைமாடி எழுதியது:

சூட்கேஸ் தாராளமாகப் போதும், கனமானதை அடியில் வைத்து நிமிர்த்தி நிறுத்திவிடாமல் படுக்கப் போடுங்கள், மேலே வெள்ளை வேட்டியோ சேலையோ விரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

செய்தித்தாளை நேராகப் பொம்மையில் சுற்றாதீர்கள், மை வண்ணத்தில் ஒட்டிவிடும். முதலில் மெல்லிசான பழைய பருத்தி வேட்டித் துணி, அதற்கு மேல் தாள். மூக்கு, விரல், வில் நுனி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற இடங்களில் கொஞ்சம் பஞ்சு. ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், சாயம் வந்துவிடும், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு மறுநாள்தான் எடுத்து வைப்போம், அந்த நேரத்திலேயே ஒவ்வொரு பெட்டிக்கு வெளியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த வருஷம் தசாவதாரத்தில் கூர்மத்தைத் தேடி எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டியிருக்காது.

சுண்டல்பிரியன் எழுதியது:

மூன்று படி என்றாலும் சுண்டல் ஒன்பது நாளும் உண்டுதானே? முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.